அங்கே உனக்கு என்ன இருக்கு என்று கேட்டாயே

ஏலே ராசா,

நலம், நலமறிய ஆவல் என்று நான் தொடங்கப் போவதில்லை. நான் நலமாக இருப்பதுதான் இப்போது என்மேல் உள்ள புகாரே. கிழிந்த சேலையும் சடைமுடியும் முகம் நிறையக் கரியுமாக, கையில் திருவோடு ஏந்தி நான் நிற்கிற படத்தை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்த்தாயிற்று. துபாயில் இருக்கிற உன் சித்தப்பா மகன் வரைக்கும் பார்த்தாயிற்று. அன்றைக்கே நீ போனில் கத்தினாய். "அங்க உனக்கு என்னம்மா இருக்கு? பிச்சை எடுக்குற அளவுக்கு உனக்கு என்ன கொறை வச்சேன்? வாழ்ந்து கெட்ட குடும்பம்னு நாலு பேரு நினைக்க மாட்டாங்களா? வீட்டப் பூட்டிட்டுக் கெளம்பி வந்துரு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தும் விட்டாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எழுதினால் முடியாது. படத்தை ஊர் பார்த்தது, பதிலையும் ஊர் பார்க்கட்டும். அதனால் இதை அதே குழுவில்தான் போடப் போகிறேன்.

நீ கத்தியதோடு நிற்கவில்லை. மறுநாளே தரகரைப் பிடித்து வீட்டை வாடகைக்கு விடப் பேசிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவார்கள், காட்டிவிடு, தீபாவளிக்கு முன்னால் ரயிலேறிவிடு என்று செய்தி அனுப்பினாய். எனக்கென்று ஒரு அறை ஒதுக்கி, ஏசி வைத்து, சுவரில் அப்பா படமும் மாட்டியாயிற்று என்று மருமகள் சொன்னாள். பாசம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நம் துறைமுகத்தில் ஒரு மூட்டையை ஏற்றுவதற்குக்கூட அதன் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவார்கள். நான் மூட்டையுமில்லை, எனக்குச் சொந்தக்காரர் வேறு யாருமில்லை.

மருமகள் சென்னைக்காரி, அவளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து, கொடி ஏறியதும் கையில் காப்புக் கட்டி, வேஷம் போட்டுத் தெருத்தெருவாகப் போய் அம்மன் பேரில் காணிக்கை வாங்குவார்கள். வாங்கியதெல்லாம் கோவில் உண்டியலுக்கு. ராஜா, காளி, குரங்கு, கரடி, போலீஸ் என்று அவரவர் நேர்ச்சைப்படி வேஷம். பங்களா வைத்திருப்பவன் பிச்சைக்காரனாக நிற்பான், அவனுக்குக் காசு போடுகிறவன் அவன் வீட்டிலேயே வேலை செய்கிறவனாக இருப்பான். காப்புக் கட்டியிருக்கிற நாட்களில் அவர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னப் பிள்ளையானாலும் 'தாயே' என்பதுதான் நம் தெரு வழக்கம். இது உனக்குத் தெரியாதது இல்லை. சென்னையில் பத்து வருஷம் இருந்ததில் மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.

எனக்கு என்ன குறை என்று கேட்டாய். சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் அப்பா போன பிறகு எனக்கு ருசி போய்விட்டது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நாக்கில் ருசி இல்லை. ஒரு நாள் குழம்பு வைத்து முழுச் சட்டியையும் ரெண்டு வேளை சாப்பிட்டேன். காயல்பட்டினத்திலிருந்து வந்த என் சிநேகிதி ரஹ்மத்து ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏளா, உப்பே போடலியே, எப்படித் திங்க?" என்றாள். சுற்றிலும் உப்பளம் உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு உப்பு இல்லாதது தெரியாமல் தின்றிருக்கிறேன். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பாட்டுக் கேட்டாலும் சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. நீ போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பாய், "சாப்பிட்டேன்" என்பேன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அடுப்படிக் காலண்டரில் இருந்த முத்தாரம்மனைப் பார்த்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரைத்தான் எடுத்துக்கிட்ட, சரி. என் நாக்கை எதுக்குடி எடுத்த? திருப்பிக் குடு. குடுத்தா உன் பேரைச் சொல்லித் தெருவுல பிச்சை எடுக்கேன்" என்று சண்டை போட்டேன்.

ஆவணி கடைசியில் ரஹ்மத்து தம்மடை கொண்டுவந்தாள். ரவையும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவர்கள் வீட்டில் செய்கிற இனிப்பு. "அடி பிடிச்சிட்டு, கோவிச்சுக்காத" என்று சொல்லிக்கொண்டேதான் டப்பாவைத் திறந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டேன். முதலில் அந்தக் கருகல் தெரிந்தது. பிறகு தித்திப்பு, பிறகு ஏலக்காய். நான் அழுகிறதைப் பார்த்து அவள் பயந்துபோய், "அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள். அந்த டப்பாவை வழித்துத் தின்றேன் ராசா. அவள் வீட்டுக்கு ஒரு துண்டுகூடத் திரும்பிப் போகவில்லை. அம்மன் தன் பேச்சைக் காப்பாற்றிவிட்டாள். நான் மட்டும் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பின்வாங்க வேண்டுமா? என்ன நியாயம் இது?

அங்கே உனக்கு என்ன இருக்கு என்று கேட்டாயே, இந்த ஒரு மாதத்தில் எனக்கு என்னென்ன இருந்தது என்று கேள். விரதம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் திருச்செந்தூரில் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். "எங்கம்மா போணும்?" என்றார் கண்டக்டர். "பஸ் எங்கய்யா போகுது?" என்றேன். "மணப்பாடு." "அப்ப அங்கதான்." அவர் விடவில்லை. "அங்க யாரு வீட்டுக்கு?" "யாரு வீட்டுக்கும் இல்ல" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை அந்தப் பதிலைச் சொன்னேன். கல்யாணத்துக்கு, துஷ்டி விசாரிக்க, மருந்து வாங்க என்று காரணம் சொல்லியே பஸ் ஏறிய ஜென்மம் இது. கடலை ஒட்டிப் பனங்காட்டுக்குள் பஸ் போகிறது, காற்று முகத்தில் அறைகிறது, என்னை எதிர்பார்த்து எந்த ஊரிலும் யாரும் காத்திருக்கவில்லை. நீயும் ஒரு தடவை அப்படி ஏறிப் பார். காரில் அது கிடைக்காது, கார் ஓட்டுகிறவனுக்குப் போகிற இடம் தெரிந்தாக வேண்டும்.

மணப்பாட்டில் மேட்டின்மேல் இருக்கிற சிலுவைக் கோவிலில் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு பெண் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உச்சத்தில் பிசகுகிறாள். சொல்லிக்கொடுக்கிறவர் தலையில் அடித்துக்கொள்கிறார், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். கடைசியில் அவள் சரியாகப் பிடித்த அந்த நொடி இருக்கிறதே, எனக்குக் கை தட்டவே வந்துவிட்டது. நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன். அடுத்த வாரம் நம் பக்கத்து அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் மதியப் பூசைக்கு வில்லுப்பாட்டு. வில்லடித்துப் பாடியது ஒரு பெண். என்ன குரல், என்ன அதிகாரம்! முன்வரிசையில் ஒருத்தர் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். கதையில் அம்மன் அசுரனை வதைக்கப் போகிற இடம். அந்தப் பெண் வில்லடிக்கிற வீசுகோலை அவர் பக்கமாக நீட்டி, "அண்ணாச்சி, நீங்க பேசி முடிங்க, அசுரன் அதுவரைக்கும் உசுரோட இருக்கட்டும்" என்றாள். பந்தலே அதிர்ந்தது. அண்ணாச்சி போனை எந்தப் பையில் போடுவது என்று தெரியாமல் விழித்தார்.

தசரா முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு ஒரு மத்தியானம் தனியாக சினிமாவுக்கும் போனேன். ஆமாம், தனியாகத்தான். "ஒரு டிக்கெட்டாம்மா?" என்று கவுண்டரில் இருந்தவர் இரண்டு தடவை கேட்டார். "ஒண்ணுதான்யா. ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியாவா வாங்கணும்?" என்றேன். படம் சுமார்தான். ஆனால் முழுதாகப் பார்த்தேன். உன் அப்பாவோடு போனால் விளக்கை அணைத்ததும் தூங்கி, இடைவேளை முறுக்குக்குத்தான் கண் விழிப்பார். பிறகு வீடு வருகிற வரைக்கும் நான் அவருக்குக் கதை சொல்ல வேண்டும். அன்றைக்கு வெளியே வந்ததும் கதை சொல்ல ஆளில்லாமல் அழுகை வந்தது. அதை மறைக்கவில்லை. நேராக பேக்கரிக்குப் போய் மக்ரூன் கேட்டேன். "முழுசா இருக்கதாப் பாத்துத் தாரேன்க்கா" என்றார் கடைக்காரர். "உடைசல் போதும்யா, வாயில போனா எல்லாம் உடைசல்தானே" என்றேன். முந்திரி வாசத்தோடு அது நாக்கில் கரைகிறபோது, அழுகையும் அதோடு சேர்ந்து இறங்கிப் போயிற்று. துக்கமும் ருசியும் ஒரே வாயில்தான் இருக்கிறது ராசா. ஒன்று போனால்தான் மற்றது வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதே.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். எங்கள் தெருத் தையல்கடைக் கனி தலைமையில் பெண்களாகச் சேர்ந்து செட்டு அமைத்தோம். கனிக்குப் போலீஸ் வேஷம். விசில் அடித்து அவள் ஒரு லாரியையே நிறுத்திவிட்டாள், நாங்கள் சாலையைக் கடந்தோம். பக்கத்தில் நின்ற நிஜப் போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார். நான் பிச்சைக்காரி. வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து, 'ஓம் காளி, ஜெய் காளி' என்று கத்திக் கத்தி என் குரல் கட்டிப்போயிற்று. உன் அப்பாவின் மளிகைக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. வாசற்படி மட்டும் பழசு. அந்தப் படியில் நின்று திருவோட்டை நீட்டினேன். கடைக்காரர் நிமிராமலே காசு போட்டார். பிச்சைக்காரியின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? வாழ்நாளெல்லாம் அந்தக் கடைக்குள் நின்று அளந்து போட்டே பழகிய கை இது. வாங்கும்போது அது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமா? துளிக்கூட இல்லை. மடியில் கனமில்லை, வழியில் பயமுமில்லை.

அடுத்த தெரு உன் அத்தை வீடு. என் மதினிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு பிடி அரிசி போட்டுவிட்டு, கை கூப்பி, "துன்னூறு பூசு தாயி" என்று குனிந்தார். அப்புறம் மெதுவாகத் தன் குறையைச் சொல்ல ஆரம்பித்தார். "என் தம்பி பொண்டாட்டிக்கு நல்ல புத்தி குடு தாயி. ஊரச் சுத்திக்கிட்டுத் திரியுதா. மகன்கிட்டப் போயிச் சேரட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. "அவ அழுதுக்கிட்டு இருந்தவரைக்கும் என் தம்பி எங்கயோ வெளியூர் போயிருக்க மாதிரி இருந்துது தாயி. அவ சிரிக்கதப் பாத்தா, அவன் நெசமாவே போயிட்டான்னு ஆயிருது. என்னால தாங்க முடியல" என்றார். அவர் நெற்றியில் திருநீறு பூசினேன். கட்டிப்போன குரலில், "அவ போகமாட்டா. அவளை விட்டுரு" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொன்னது நானா அம்மனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அப்போது அவர் மகள் போனில் ஒரு படம் எடுத்தாள்.

அந்தப் படம்தான் உனக்கு வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. பிறகு உன் அத்தை அதைப் பெரிதாக்கிப் பார்த்து, என் வளைந்த கால் விரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். மனசில் உள்ளதையெல்லாம் என்னிடமே கொட்டிவிட்டோமே என்ற ஆத்திரத்தில், கை கூப்பி நிற்கிற தன்னை வெட்டிவிட்டு, என்னை மட்டும் குழுவில் போட்டார். 'எடுக்கிறது பிச்சை, ஏறுவது பல்லக்கு' என்று கீழே எழுதினாரே, அதுவும் அந்த ஆத்திரம்தான். நீ போனை வைத்த மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். "நீதான்னு தெரிஞ்சா நான் வாயத் தொறந்திருப்பேனாளா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தெரியாமச் சொன்னதுனாலதான் மதினி உண்மையச் சொன்னிய" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். நான் அவருடைய தம்பிக்காக அழுதேன், அவர் எனக்காக அழுதார். வாங்கிப்போன மக்ரூன் பொட்டலம் அங்கேயே தீர்ந்தது. இதை எழுதப் போகிறேன் என்றதும், "எழுதளா, ஒண்ணு விடாம எழுது. முழுப் படத்தையும் நானே போட்டுருதேன்" என்றார். கீழே பார், போட்டிருக்கிறார்.

அந்த முழுப் படத்தைப் பார்த்ததும் எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது குரங்கு வேஷம் நேர்ந்துகொண்டோம். உனக்கு வால் தைத்துக் கட்டிவிட்டதே நான்தான். கடைகடையாகப் போனாய். காணிக்கைத் தட்டில் விழுந்த வாழைப்பழத்தையெல்லாம் அங்கேயே உரித்துத் தின்றாய். "குரங்குன்னா திங்கத்தானே செய்யும்" என்று எங்களுக்கே நியாயம் சொன்னாய். அப்பா கடைக்கு வந்து தட்டை நீட்டினாய். கல்லாவில் இருந்தவர் எழுந்து செருப்பைக் கழற்றினார். கீழே இறங்கி வந்து, உன் தட்டில் அரிசி போட்டு, பெற்ற பிள்ளையைக் கை கூப்பி, 'தாயே' என்றார். சரக்கு வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவர் யோசிக்கவே இல்லை. நீ அவர் மகன்தானே ஐயா, உனக்கு எங்கிருந்து வந்தது இந்த நாலு பேர்?

நீ அனுப்பிய ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். புருஷனுக்குத் துறைமுகத்துக்கு மாற்றலாகியிருக்கிறதாம், நல்ல மாதிரியான ஜோடி. "வீடு வாடகைக்கு இல்லம்மா, என் மகன் தெரியாமச் சொல்லிட்டான். வந்தது வந்திய, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். தரகர் முகம் தொங்கிப்போயிற்று. அந்தப் பெண் மட்டும் போகும்போது என் பக்கத்தில் வந்து, "இங்கன சாயங்காலம் எங்கம்மா போகலாம்?" என்று கேட்டாள். நானும் ரஹ்மத்தும் உட்கார்கிற கடற்கரையைச் சொல்லியிருக்கிறேன். அதனால் இனி எந்த ஆளையும் அனுப்பாதே. என் உடம்பு கிடந்துபோனால் நானே சொல்லி அனுப்புவேன். அன்றைக்கு உன் ஏசி அறைக்கு வந்து படுத்துக்கொள்கிறேன், மருமகளையும் நன்றாக வேலை வாங்குகிறேன். அதுவரைக்கும் நான் இருக்கிற இடம் இதுதான். வாடைக்காற்று தொடங்கிவிட்டது, ருசி நாக்கில் இருக்கிறது, கும்பிட்டு வாங்கியதை விட்டுவிட்டு வரமாட்டேன்.

அடுத்த புரட்டாசியிலும் காப்புக் கட்டுவேன். அப்போது சென்னைக்கு வருவேன். கரி பூசி, சடைமுடி வைத்து, இதே திருவோட்டோடு உன் அடுக்குமாடி வாசலில் நிற்பேன். செக்யூரிட்டி தடுப்பான். உனக்குப் போன் அடித்து, "சார், ஒரு பிச்சைக்காரம்மா உங்க பேரைச் சொல்லி நிக்கிறாங்க" என்பான். யாரென்று தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே ராசா. லிஃப்டில் இறங்கி வா. செருப்பைக் கழற்று. ஒரு பிடி அரிசி போடு. அன்றைக்கு ஒரு நாள் அம்மா என்று கூப்பிடாதே, உன் அப்பா மாதிரி 'தாயே' என்று சொல். அது போதும். வாங்கிக்கொண்டு என் ஊருக்கு ரயிலேறிவிடுவேன்.

இப்படிக்கு,
வீட்டுச் சாவி இன்னும் தன் இடுப்பிலேயே இருக்கிற
உன் அம்மா